சளி ஏன் பச்சையாகிறது? நாள்பட்ட நுரையீரல் நோயில் படையும் கிருமியும்

மார்பு நோய்ப் பிரிவில் மருத்துவர் காலையில் சுற்றி வரும்போது கட்டிலுக்குக் கட்டில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சளி என்ன நிறத்துல வருது?" பக்கத்து மேசையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நுரை மாதிரி வெள்ளையாக இருந்தால் பேசிக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். பாசி மாதிரிப் பச்சையாக இருந்தால் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

பச்சை என்றால் கிருமி என்றுதான் நோயாளியும் நினைக்கிறார், கூட இருப்பவரும் நினைக்கிறார். பாதி சரிதான். பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டாக்லி குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றி (அதாவது இருமலும் மூச்சுத் திணறலும் வழக்கத்தைவிடத் திடீரென்று கூடி) வந்த சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் சளியை நிறத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். சீழ் நிறத்தில் சளி வந்தவர்களில் 84 சதவீதத்தினரிடம் பாக்டீரியா வளர்ந்தது. வெளுத்த சளி வந்தவர்களிடம் அது 38 சதவீதம்தான். ஆக நிறத்துக்கும் கிருமிக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை பெரும்பாலும் கிருமியுடைய நிறம் கிடையாது. அது நம் உடம்பின் நிறம். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுவுக்குள் கிருமிகளைக் கொல்வதற்காக இரும்புச்சத்து கொண்ட ஒரு நொதி இருக்கிறது. 1941-இல் ஸ்வீடனைச் சேர்ந்த அக்னர் அதைப் பிரித்தெடுத்தபோது அதன் நிறத்தைப் பார்த்து வெர்டோபெராக்சிடேஸ் என்று பெயர் வைத்தார். 'வெர்டோ' என்றால் பச்சை. இன்றைக்கு அதே நொதியை மைலோபெராக்சிடேஸ் என்கிறோம். (சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குச் சொந்தமாகவே நீலப்பச்சைச் சாயம் உண்டு. அந்த ஆசாமியை அப்புறம் பார்ப்போம்.)

டப்பாவில் இருப்பது, நம்மைக் காப்பாற்ற வந்து செத்துக் கிடக்கும் அணுக்களின் குவியல். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். சில முழுதாக இருக்கும். பல வெடித்து, உள்ளே இருந்த டிஎன்ஏ இழை இழையாக வெளியே கிடக்கும். அந்த இழைகளுக்கு நடுவே, இவ்வளவு அமர்க்களத்துக்கும் காரணமான பாக்டீரியாக்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு படை வந்தும் கிருமி ஏன் போகவில்லை? வருடக்கணக்காக இருமிக்கொண்டிருப்பவரைப் பார்த்து நாம் சட்டென்று சொல்லும் விளக்கம், "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு" என்பது. அதைக் கூட்ட என்று பொடி, லேகியம், மாத்திரை எல்லாம் விற்பனைக்கு வரும். என் பார்வையில் இந்த விளக்கம்தான் நாள்பட்ட நுரையீரல் நோயைப் பற்றிய மிகப் பெரிய தவறான புரிதல். இந்த நுரையீரல்களில் எதிர்ப்பு குறையவில்லை. அளவுக்கு மீறி நடந்துகொண்டே இருக்கிறது. எடுத்த வேலையை முடித்துவிட்டுக் கலையத்தான் அதற்குத் தெரியவில்லை.

எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாவது சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடிப்பதாலும் அடுப்புப் புகை, தூசி போன்றவற்றாலும் மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்றறைகள் சிதைந்துபோகும் நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். உலகில் மரணத்துக்கான காரணங்களில் இது நான்காவது. இரண்டாவது பிராங்கியெக்டாசிஸ். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கும் குட்டைகளாக மாறிவிடும். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாயனெக் 1819-இலேயே இதை விவரித்துவிட்டார். மூன்றாவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஒரே ஒரு மரபணுவில் வரும் பழுதால் சளி கெட்டிப்பட்டுப்போகும் பிறவி நோய். அந்த மரபணு 1989-இல் அடையாளம் காணப்பட்டது. மூன்றுக்கும் தொடக்கம் வேறு வேறு. ஆனால் பாக்டீரியா குடியேறிய பிறகு மூன்றும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகின்றன.

சத்தமில்லாத காவல்

ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கும் மேல் காற்று நுரையீரலுக்குள் போய் வருகிறது. அதோடு தூசி, பூஞ்சை வித்து, பாக்டீரியா எல்லாமே போகும். ஆரோக்கியமான நுரையீரலில் கிருமியே கிடையாது என்று நீண்ட காலம் பாடம் சொன்னார்கள். அது சரியல்ல என்று மரபணு வரிசை பார்க்கும் முறைகள் வந்த பிறகு தெரிந்தது. வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்டீரியா உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, குறிப்பாகத் தூக்கத்தில். வந்த வேகத்திலேயே வெளியேற்றப்படுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

வெளியேற்றும் வேலையின் பெரும்பகுதி இயந்திர வேலைதான். மூச்சுக்குழாயின் உள்சுவரில் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 200 நுண்ணிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப் படலம் தொண்டையை நோக்கி மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். சளி என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் சளியில்லாத நுரையீரல் பிழைக்காது. சளியை உண்டாக்கும் முக்கியமான இரண்டு புரதங்களில் எம்யூசி5பி என்பதை மட்டும் நீக்கிய எலிகளின் நுரையீரலில் பாக்டீரியா தேங்கிப் பல செத்துப்போயின என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சளிக்குள் கிருமியைக் கரைக்கும் லைசோசைம், இரும்பைப் பறித்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) எல்லாம் கலந்திருக்கும். இதையும் தாண்டிக் காற்றறை வரைக்கும் போகிற கிருமியை அங்கே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்பு அணு விழுங்கிவிடும். மேக்ரோஃபேஜின் பெரிய சிறப்பே அதன் அமைதிதான். நாலைந்து பாக்டீரியா வந்ததற்கெல்லாம் அது ஊரைக் கூட்டாது. விழுங்கி, செரித்து, அப்படியே இருந்துவிடும். நிலைமை கையை மீறினால் மட்டும் வேதிச் சமிக்ஞை அனுப்பி ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். நியூட்ரோஃபில்கள் வந்து கிருமியைக் கொன்று, சில மணி நேரத்தில் தாமாகவே அடக்கமாகச் சாகும். அந்தப் பிணங்களையும் மேக்ரோஃபேஜ்தான் விழுங்கி இடத்தைத் துப்புரவாக்கும். கடைசியில் வரும் இந்தத் துப்புரவைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நோய் தீர்வதும் தீராமல் இழுப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

காவலில் விழும் ஓட்டை

புகை பல வருடம் உள்ளே போனால் நுண்ணிழைகள் குட்டையாகின்றன, குறைகின்றன. அந்த இடத்தில் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. சளி கூடுகிறது, அதை நகர்த்த ஆள் இல்லை. ஐஜிஏவைச் சுவர் வழியாகச் சளிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு புரதம் உண்டு. சிஓபிடி நோயாளிகளின் சிறு மூச்சுக்குழாய்களில் பல இடங்களில் அது குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஐஜிஏ குறையவே இல்லை; தேவைப்படும் அந்தச் சில மில்லிமீட்டர் சுவரில் மட்டும் இல்லை. அந்தத் திட்டுகளில் பாக்டீரியா சுவரோடு ஒட்டி, உள்ளேயும் நுழைகிறது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் நோய் தொடர்வதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

மேக்ரோஃபேஜ்களின் நிலை இன்னும் விசித்திரம். சிஓபிடி நுரையீரலில் அவற்றின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருக்கும். ஆனால் பாக்டீரியாவை எதிரில் வைத்தால் அவை விழுங்கும் அளவு குறைவு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் சிஓபிடி நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்களுக்கு ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களையும், கூடவே உயிரில்லாத பிளாஸ்டிக் மணிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். மணிகளை மற்றவர்களுடைய அணுக்களைப் போலவே விழுங்கின. பாக்டீரியாவை விழுங்குவதில்தான் பின்தங்கின. அதாவது வாய் திறக்கிறது, பசி இருக்கிறது. எதைச் சாப்பிட வேண்டுமோ அதில் மட்டும் கோளாறு.

இந்த ஓட்டை வழியாகப் பெரும்பாலும் முதலில் குடியேறுவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே. பெயரில் இன்ஃப்ளூயன்சா இருக்கிறதே தவிர, அந்தக் காய்ச்சலுக்கும் இதற்கும் காரண உறவு இல்லை. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் இதைக் கண்டுபிடித்து, காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று நம்பிவிட்டார். உண்மையான காரணமான வைரஸ் 1933-இல்தான் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பாக்டீரியா ஐஜிஏவை வெட்டும் நொதியைச் சுரக்கும், தன் மேற்பரப்பை அடிக்கடி மாற்றிக்கொள்ளும், தேவைப்பட்டால் நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பெரிய விஷம் எதுவும் இதனிடம் இல்லை. சத்தம் போடாமல் தங்கிவிடுவதுதான் இதன் திறமை.

வேலியே பயிரை மேய்ந்த கதை

மேக்ரோஃபேஜால் முடியாதபோது நியூட்ரோஃபில்கள் வருகின்றன. வருகின்றன என்றால், நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. பெரியவர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. ஆள் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. ஆனால் சிஓபிடி நோயாளிகளின் நியூட்ரோஃபில்கள் ஓடும் விதத்தை 2011-இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதும், குறி தவறி இங்கும் அங்கும் அலைவதும் தெரிந்தது. நேர்வழியில் போகத் தெரியாதவை எல்லாம் நுரையீரல் திசுவைக் குடைந்துகொண்டு நீண்ட தூரம் சுற்றுகின்றன. சுற்றும் வழியெல்லாம் கையிலுள்ள ஆயுதம் சிந்துகிறது.

ஆயுதங்களில் பெயர் பெற்றது எலாஸ்டேஸ். நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் மீள்தன்மை நார்களையே அறுக்கக்கூடிய நொதி இது. இது எவ்வளவு ஆபத்தானது என்பது ஸ்வீடனின் மால்மோவில் 1963-இல் வெளியான சின்ன அவதானிப்பு ஒன்றிலிருந்து புரிந்தது. கார்ல்-பெர்ட்டில் லாரெலும் ஸ்டென் எரிக்சனும் சுமார் 1,500 பேரின் ரத்தப் புரதப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரிடம் ஒரு பட்டையைக் காணோம். அந்த ஐவரில் மூவருக்கு, காற்றறைகள் சிதையும் எம்ஃபைசிமா இருந்தது. காணாமல் போயிருந்தது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். எலாஸ்டேஸுக்குக் கடிவாளம் போடும் புரதம் அது. கடிவாளம் இல்லாவிட்டால் நம் நொதியே நம் நுரையீரலைத் தின்றுவிடும் என்று அப்போதுதான் தெளிவானது.

மற்றவர்களுக்குக் கடிவாளம் இருக்கிறது. ஆனால் பச்சைச் சளி நிறைந்த மூச்சுக்குழாயில் எலாஸ்டேஸ் வெள்ளமாக வரும்போது அந்தக் கடிவாளம் போதவே போதாது. அதன் பிறகு எலாஸ்டேஸ் செய்கிற காரியங்கள் ஒவ்வொன்றும் கிருமிக்குத்தான் சாதகம். நுண்ணிழைகளின் துடிப்பைக் குறைக்கிறது, சளி சுரப்பைத் தூண்டுகிறது. கிருமியின் மேல் ஒட்டி, 'இதைத் தின்னலாம்' என்று அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளை வெட்டுகிறது. அந்த அடையாளத்தைப் படிக்க நியூட்ரோஃபிலின் மேல் இருக்கும் ஏற்பிகளையும் வெட்டுகிறது. செத்த அணுவைக் கண்டுகொள்ள மேக்ரோஃபேஜின் மேல் இருக்கும் ஏற்பியையும் விட்டுவைப்பதில்லை. போதாததற்கு, மூச்சுக்குழாய்ச் சுவரைத் தூண்டி இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞையைச் சுரக்கவைக்கிறது. அது இன்னும் நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும் சமிக்ஞை.

துப்புரவு நின்றுபோனதால் செத்த நியூட்ரோஃபில்கள் கிடந்த இடத்திலேயே வெடிக்கின்றன. உள்ளே மிச்சமிருந்த எலாஸ்டேஸும் டிஎன்ஏவும் வெளியே கொட்டுகின்றன. கிருமியை வலைபோட்டுப் பிடிக்க நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வீசுகின்றன என்பது 2004-இல் தெரியவந்த சங்கதி. நல்ல உத்திதான். ஆனால் வலையைச் சுருட்டி எடுக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த டிஎன்ஏ சளியைப் பிசினாக்குகிறது. பாக்டீரியாவும் அதற்குள்ளேயே வீடு கட்டிக்கொள்கிறது.

பீட்டர் கோல் என்ற மருத்துவர் 1986-இல் இந்தச் சுழலை பிராங்கியெக்டாசிஸுக்குப் பொருத்தி விளக்கினார்: சளி தேங்குகிறது, கிருமி வளர்கிறது, அழற்சி வருகிறது, சுவர் சிதைகிறது, அதனால் இன்னும் சளி தேங்குகிறது. இப்போதைய ஆய்வாளர்கள் இதை வட்டம் என்பதைவிட நீர்ச்சுழி என்கிறார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையில் வராமல், எல்லாமே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. வட்டமாக இருந்தால் ஓர் இடத்தில் அறுத்துவிட்டாலே போதும். அப்படி அறுத்துப் பார்த்த மருந்துகள் பல தோற்றிருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

எதிர்ப்பொருள் இருந்தும் ஏன் பலனில்லை?

ஒரு முறை தொற்று வந்தால் அடுத்த முறைக்கு எதிர்ப்பொருள் தயாராக இருக்க வேண்டும், இல்லையா? தயாராகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சஞ்சய் சேத்தி, திமத்தி மர்ஃபி குழுவினர் 81 சிஓபிடி நோயாளிகளை 56 மாதங்கள் வரை தொடர்ந்து கவனித்து, மாதாமாதம் சளியை வாங்கி, அதில் வளர்ந்த பாக்டீரியாவின் மரபு வகையையும் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. பாக்டீரியாவின் புது மரபு வகை ஒன்று வந்து சேர்ந்திருந்த வருகைகளில் 33 சதவீதத்தில் நோய் முற்றியிருந்தது. புது வகை இல்லாத வருகைகளில் அது 15.4 சதவீதம். இனம் அதே ஹீமோஃபிலஸ்தான், ஆனால் வேறு வகை. பழைய வகைக்கு உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருள் அதன் மேற்பரப்பில் அடிக்கடி மாறுகிற பகுதிகளைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. புது வகையிடம் அந்தப் பகுதி வேறு வடிவத்தில் இருக்கும். பழைய பூட்டுக்கான சாவி கையில் இருக்கிறது, வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார்.

தடுப்பூசி செய்வதில் உள்ள சிக்கலும் இதுதான். ஹீமோஃபிலஸையும் மொராக்செல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் குறிவைத்த ஒரு தடுப்பூசியின் இரண்டாம் கட்டப் பரிசோதனை முடிவு 2022-இல் வந்தது. எதிர்ப்பொருள் நன்றாகவே உருவானது. நோய் முற்றும் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. (இதைப் படித்துவிட்டு இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம். அவை வேறு கதை. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டியவை.)

எதிர்ப்பொருள் வெறுமனே உதவாமல் போவதைவிட மோசமான நிலையும் உண்டு. டென்மார்க்கில் நீல்ஸ் ஹாய்பி 1970-களிலேயே ஒன்றைக் கவனித்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் சூடோமோனாஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் யாருக்கு அதிகமாக இருக்கிறதோ, அவர்களுடைய நிலைமைதான் மோசமாகப் போனது. அங்கே எதிர்ப்பொருளின் அளவு பாதுகாப்பைக் காட்டவில்லை, சண்டை எவ்வளவு நாளாக நடக்கிறது என்பதைத்தான் காட்டியது. பிற்பாடு பர்மிங்காமில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிராங்கியெக்டாசிஸ் உள்ள சில நோயாளிகளின் ரத்தநீரில் அவர்களுடைய சொந்த சூடோமோனாஸைப் போட்டால் அது சாகவில்லை. ஆரோக்கியமானவரின் ரத்தநீரில் செத்தது. நோயாளியின் ரத்தநீரில் ஐஜிஜி2 வகை எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்து, பாக்டீரியாவின் மேல் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு, அதைத் துளைத்துக் கொல்ல வேண்டிய காம்ப்ளிமென்ட் புரதங்களை நெருங்க விடாமல் செய்திருக்கிறது. காப்பதற்காக உடம்பு செய்த பொருள் கிருமிக்குக் கவசமாகிவிட்டது! கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரண்டு பேருக்கு ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடிகட்டி எடுத்து, வேறு மனிதர்களின் எதிர்ப்பொருளை ஏற்றியபோது உடல்நிலை தேறியது என்று 2017-இல் பதிவு செய்தார்கள். இரண்டே பேர் என்பதால் இதை வைத்துச் சிகிச்சை முறை எழுதிவிட முடியாது. ஆனால் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டு' என்று சொல்பவர்களிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சூடோமோனாஸ் என்ற குடித்தனக்காரர்

இனி அந்த நீலப்பச்சை ஆசாமி. நாள்பட்டுச் சிதைந்த நுரையீரல்களில் சூடோமோனாஸ் ஏருஜினோசா வந்து சேர்ந்தால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள், ஏனென்றால் அது லேசில் கிளம்பாது. மண்ணிலும் நீரிலும் இருக்கும் இந்தப் பாக்டீரியா நுரையீரலுக்குள் வந்த புதிதில் வாலை ஆட்டி நீந்தி, விஷங்களைச் சுரந்து, ஆர்ப்பாட்டம் செய்யும். வருடங்கள் போகப் போக வாலை விட்டுவிடுகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதை அடையாளம் காண்பது அந்த வாலை வைத்தும்தான். விஷச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆல்ஜினேட் என்ற வழவழப்பான சர்க்கரைப் பிசினைச் சுற்றிலும் பூசிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிசினுக்குள் நியூட்ரோஃபில் எளிதில் நுழைய முடியாது, ஆன்டிபயாடிக்கும் முழுசாக வேலை செய்யாது. நியூட்ரோஃபில்கள் வெளியே நின்று ஆயுதத்தைக் கொட்டித் தீர்க்கின்றன, அடி விழுவது நுரையீரல் சுவரில். ஊடுருவிப் பரவி ஆளைக் கொல்லும் ஆசை இதற்கு இப்போது இல்லை. குடியிருக்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஜலதோஷத்தின் இரண்டு வாரம்

நோயாளிகள் அடிக்கடி சொல்லும் ஒரு வரிசை உண்டு: முதலில் சாதாரண ஜலதோஷம், அது விட்ட மாதிரி இருந்தது, அப்புறம் பத்து நாள் கழித்து மூச்சுத் திணறிப் பச்சையாக வந்தது. அது உண்மை என்று லண்டன் ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். சம்மதம் தந்த சிஓபிடி நோயாளிகளுக்கும், நோய் வராத புகைப்பவர்களுக்கும், புகைக்காதவர்களுக்கும் சாதாரண ஜலதோஷ வைரஸான ரைனோவைரஸை மூக்கில் விட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். வைரஸ் முதல் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய் இறங்கியது. பாக்டீரியா அதற்குப் பின்னால், 15-ஆம் நாள் வாக்கில் உச்சத்துக்கு வந்தது. சிஓபிடி நோயாளிகளில் 60 சதவீதத்தினரிடம் பாக்டீரியா தொற்று தெரிந்தது; மற்ற இரண்டு பிரிவுகளிலும் அது ஏறக்குறைய 10 சதவீதம்.

இடையில் என்ன நடந்தது? வைரஸுக்காக நியூட்ரோஃபில்கள் வந்தன, எலாஸ்டேஸ் கூடியது. மூச்சுக்குழாயில் இருக்கும் எஸ்எல்பிஐ, எலாஃபின் என்ற இரண்டு சிறு புரதங்கள் பாக்டீரியாவையும் கொல்லும், எலாஸ்டேஸையும் அடக்கும். அந்த இரண்டின் அளவும் விழுந்துவிட்டது. எலாஸ்டேஸே அவற்றை வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அங்கே ஏற்கெனவே ஒதுங்கியிருந்த பாக்டீரியா பெருகிவிட்டது. ஜலதோஷம் விட்டதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாமல் அடுத்த இரண்டு வாரம் சளியைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது

அழற்சிதான் பிரச்சினை என்றால் அழற்சியை அமுக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். தோன்றியவர்கள் செய்தும் பார்த்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும் லூக்கோட்ரையீன்-பி4 என்ற சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து ஒன்றைப் பரிசோதித்தபோது, மருந்து எடுத்தவர்களிடம் நுரையீரல் தொற்று முற்றுவது கூடியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அழிவு செய்கிற அதே அணுதான் கிருமி ரத்தத்துக்குள் இறங்காமல் தடுத்தும் நிற்கிறது. அதை வாசலிலேயே நிறுத்தினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஸ்டீராய்டு இன்ஹேலரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில் மூன்று ஆண்டுகளில் நிமோனியா வந்தவர்கள், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்தவர்களில் 19.6 சதவீதம், வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 12.3 சதவீதம். அதே சமயம் நோய் முற்றும் எண்ணிக்கை ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் குறைந்தது. அதனால் இப்போது ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுவை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா பயம் அதிகம். இதற்காக யாரும் தாமாக இன்ஹேலரை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் இயோசினோஃபில் எண்ணிக்கையைக் கேளுங்கள், அதுவே நல்ல உரையாடலைத் தொடங்கிவைக்கும்.

ஒரு நோயில் நல்லது செய்தது இன்னொன்றில் கெடுதல் செய்வதும் உண்டு. சளியில் உள்ள டிஎன்ஏவை வெட்டும் டோர்னேஸ் மருந்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் 1993 முதல் நல்ல பலன் தருகிறது. அதையே மற்ற வகை பிராங்கியெக்டாசிஸுக்குக் கொடுத்தபோது நோய் முற்றுவது கூடியது என்று 1998-இல் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானுடையது. டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைடிஸ் என்ற, பெரும்பாலும் கிழக்காசியாவில் காணப்படும் நோய். சூடோமோனாஸ் குடியேறிய பிறகு நோயாளிகள் சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். 1980-களில் ஷோஜி குடோ குழுவினர் எரித்ரோமைசினைக் குறைந்த அளவில், நாளுக்கு 400 முதல் 600 மி.கி. வரை, மாதக்கணக்கில் கொடுத்தார்கள். அந்த அளவு எரித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாது. இருந்தும் நோயாளிகள் பிழைத்தார்கள். 10 ஆண்டு தாண்டி உயிர்வாழ்பவர்கள் 90 சதவீதத்தை எட்டினார்கள். ஆன்டிபயாடிக் என்று கொடுத்த மருந்து இன்டர்லூகின்-8 சுரப்பைக் குறைத்தது, சளியைக் குறைத்தது, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைகளையும் கெடுத்தது. 1,142 சிஓபிடி நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதன் வழிவந்த அசித்ரோமைசினை ஓர் ஆண்டு தினமும் 250 மி.கி. என்றும், மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. ஆண்டுக்கு நோய் முற்றும் சராசரி போலி மருந்துப் பிரிவில் 1.83, அசித்ரோமைசின் பிரிவில் 1.48. விலையும் இருந்தது: சிலருக்குக் காது மந்தமானது. இதயத் துடிப்பின் சீரையும் பார்த்துக்கொள்ள வேண்டும், காசநோய் வகைக் கிருமி மறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சொந்த முடிவில் தொடங்கக்கூடிய மருந்து இல்லை.

அண்மையில் வந்திருப்பது கொஞ்சம் தந்திரமான வழி. நியூட்ரோஃபில்களை வரவிடு, ஆயுதத்தை மட்டும் குறைத்து அனுப்பு. எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உருவாகும்போதே எலாஸ்டேஸ் போன்ற நொதிகளின் உறையைக் கழற்றித் தயார்செய்யும் டிபிபி-1 என்ற நொதி உண்டு. பிரென்சோகாடிப் என்ற மாத்திரை அதைத் தடுக்கிறது. இப்படிச் செய்தால் ஆளே தொற்றில் போய்விடமாட்டாரா என்ற கேள்விக்கு இயற்கையே ஒரு முன்மாதிரி வைத்திருந்தது. பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் இந்த நொதி வேலை செய்யாது. அந்தக் குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்துப்போகும், ஈறு கெட்டுப் பற்கள் சீக்கிரம் விழும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உயிருக்கு ஆபத்தான தொற்றுகளில் அடிக்கடி சிக்குவதில்லை. எலாஸ்டேஸ் இல்லாமலும் நியூட்ரோஃபில் ஓரளவு கொல்லும் என்று அதிலிருந்து தெரிகிறது. 1,700-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆஸ்பென் ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளில் ஆண்டுக்கு நோய் முற்றும் சராசரி, போலி மருந்துப் பிரிவில் 1.29, மாத்திரை எடுத்த பிரிவுகளில் 1.02, 1.04. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மருந்து எடுப்பவர்களின் ஈறையும் தோலையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்களைப் பார்த்தால் தெரியும், மாத்திரை எடுத்தவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை நோய் முற்றத்தான் செய்கிறது. அதனால் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பழைய வேலையை யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை: நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக ஆழமாக மூச்சை இழுத்து, ஓரிரு நொடி நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படியவைக்கிற மாதிரி வாயைத் திறந்து 'ஹா' என்று தள்ள வேண்டும். சில முறை செய்தால் அடியில் கிடக்கும் சளி மேலே ஏறும், பிறகு ஓர் இருமலில் வந்துவிடும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு கரண்டி சளி டப்பாவுக்குள் விழும்போது அதோடு பாக்டீரியா, வெடித்த நியூட்ரோஃபில்கள், அவை கொட்டிய டிஎன்ஏ, எலாஸ்டேஸ் எல்லாம் சேர்ந்தே வெளியே வருகின்றன. வந்ததை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, நேற்றைவிடப் பச்சை கூடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.